விதைநெல் பட்டியலும் சூடோ கிளாஸ்களும்: சில ஆண்டுப் பயன்பாட்டுக்குப் பிறகு

மன்னார்குடியில் இருந்தபடி, டெல்டா விவசாயிகளுக்கான இரண்டு இணையப் பக்கங்களைச் சில ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். ஒன்றில் மேட்டூர் அணையின் தினசரி நீர்மட்டம். மற்றொன்றில் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி என விதைநெல் இருப்பு. இருப்பைப் பதிவேற்றுபவர் மூட்டைகளை எடைபோடும் அண்ணன். "இந்த வரிசைக்கு இந்த கிளாஸ் பெயரைச் சேருங்கள் அண்ணே" என்று அவரிடம் கேட்பது நியாயமில்லை. கிளாஸ் என்பது பக்கத்தின் ஒரு பகுதிக்கு நாமே இடும் பெயர்; இணையப் பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ் மொழியில், அப்படிப் பெயர் இடாமலே ஒரு பகுதியை அதன் இடத்தையோ நிலையையோ வைத்துத் தேர்ந்தெடுக்க உதவுபவை சூடோ கிளாஸ்கள். அவை எனக்கு இவ்வளவு பிடித்துப்போனதற்கு அதுதான் காரணம்.

ஒன்றுவிட்டு ஒரு வரிசைக்கு நிறம் கொடுக்க ‘நத்-சைல்டு’ போதும். நடுவில் புதிய ரகம் சேர்ந்தாலும் நிறங்கள் தாமாகவே ஒழுங்காகிவிடும். அதைவிட உதவியானது ‘எம்ப்டி’. நீர்மட்டம் வராத நாளில் அந்தக் கட்டம் வெறுமையாக இருக்கும். அதை இளஞ்சாம்பலாக்க ஒரே வரி எழுதினால் போதும். ஆனால் கட்டத்துக்குள் ஓர் இடைவெளி விழுந்திருந்தாலும் இன்றைய பிரவுசர்கள் அதை வெற்றுக் கட்டமாக ஏற்பதில்லை. தரவு வரும் இடத்திலேயே இடைவெளிகளை நீக்கிவிட வேண்டும்.

இருப்புக் கட்டம் வெறுமையானால் வரிசை முழுவதையும் மங்கலாக்குவது முன்பு ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியின் வேலை. இப்போது, உள்ளே இருப்பதை வைத்து வெளியே உள்ளதைத் தேர்ந்தெடுக்கும் ‘ஹாஸ்’ அதைச் செய்கிறது. 2023 டிசம்பரில் ஃபயர்பாக்ஸ் பிரவுசரின் 121ஆம் பதிப்பு அதை ஏற்ற பிறகே நான் தயக்கமின்றிப் பயன்படுத்தத் தொடங்கினேன். சிஎஸ்எஸ் கற்கும் எவருக்கும் முதலில் இதைத்தான் காட்டுவேன்.

மவுஸ் மேலே நிற்கும்போது நிறத்தை மாற்ற உதவும் ‘ஹோவர்’ மீது எனக்கு அவ்வளவு மதிப்பில்லை. 1998இல் சிஎஸ்எஸ் 2 அதைக் கொண்டுவந்தபோது எல்லோர் கையிலும் மவுஸ் இருந்தது. குறுவை நடவின்போது வரப்பில் நின்று பார்ப்பவர் கையில் இருப்பது செல்போன். விரலுக்கு ‘மேலே நிற்பது’ என்ற நிலையே கிடையாது. தொட்ட பிறகு அந்த நிறம் பல நேரம் அப்படியே ஒட்டிக்கொண்டும் விடுகிறது. எனவே மவுஸ் உள்ள கருவிகளுக்கு மட்டும் என்று, கருவியின் தன்மையைப் பார்த்துச் செயல்படும் மீடியா குவெரிக்குள் அதை அடைத்துவிடுகிறேன். கீபோர்டில் நகர்பவர்களுக்கு, தாங்கள் இப்போது நிற்கும் இடத்தைக் காட்ட ‘ஃபோகஸ்-விசிபிள்’ கட்டாயம் வேண்டும்.

ஒரு பகுதியின் உள்ளடக்கத்துக்கு முன்னும் பின்னும் சிஎஸ்எஸ்ஸே எதையாவது சேர்க்க உதவும் சூடோ எலிமென்ட்களான ‘பிஃபோர்’, ‘ஆஃப்டர்’ இரண்டையும் இரட்டை முக்காற்புள்ளியுடனே எழுதுகிறேன். பழைய ஒற்றை முக்காற்புள்ளி வடிவமும் இன்னும் செல்லும். ஆயினும் சூடோ கிளாஸ் எது, சூடோ எலிமென்ட் எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும். சிறு கோடு, அம்புக்குறி போன்ற அலங்காரத்துக்கு மட்டுமே அவை. விலையையோ ரகத்தின் பெயரையோ ஒருபோதும் அவற்றில் வைக்கமாட்டேன். அப்படி வரும் எழுத்தைத் தேர்ந்தெடுத்து நகலெடுக்க முடியாது. எங்கள் விவசாயிகளோ பட்டியலை நகலெடுத்துத்தான் வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறார்கள்.