பிரான்ஸில் ரோடு பைக் வாடகைக்கு எடுக்கிறீர்களா? முதலில் ஸ்டிக்கரை உரித்துப் பாருங்கள்

பிரான்ஸின் கிழக்கே ஒயினுக்குப் பேர்போன பர்கண்டி பக்கம் சைக்கிள் ஓட்டப் போகிறவர்களுக்காக இந்தப் பதிவு. 2027-ல் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ் என்ற நெடுந்தூர சைக்கிள் ஓட்டம் வருகிறது, நம்மூர் ரேண்டனர்கள் (நெடுந்தூரம் ஓட்டும் சைக்கிள்காரர்கள்) பலர் இப்போதே தயாராகிக்கொண்டிருக்கிறார்கள். 1200 கிலோமீட்டர் ஓட்டப் போகிறவர் சொந்த சைக்கிளைப் பெட்டியில் கட்டி எடுத்துப் போவார், அவருக்குச் சிக்கல் இல்லை. கூடப் போகிற நண்பர்களும் வீட்டு ஆட்களும்தான் "நாங்களும் ரெண்டு நாள் திராட்சைத் தோட்டத்துப் பக்கம் சுத்திட்டு வர்றோம்" என்று அங்கேயே வாடகைக்கு எடுப்பார்கள். வலை விரித்திருப்பது அவர்களுக்குத்தான். எனக்கு 780 யூரோ மொட்டை அடித்தார்கள். கடையின் பெயரை இப்போதைக்குப் போடவில்லை, விவகாரம் இன்னும் முடியவில்லை. போன் (Beaune) நகரில் இருக்கும் கடை என்பது மட்டும் போதும்.

போன் என்பது பர்கண்டி ஒயின் வியாபாரத்தின் தலைநகரம் மாதிரி. 1443-ல் தொடங்கிய பழைய தர்ம ஆஸ்பத்திரியும் அதன் வண்ண ஓட்டுக் கூரையும்தான் ஊரின் அடையாளம். அங்கிருந்து தெற்கே பொமார், வோல்னே, மெர்சோ, புலினி-மோன்ராஷே, ஷசான்-மோன்ராஷே வழியாக சான்த்னே வரை தோட்டங்களுக்கு நடுவிலேயே ஒரு சைக்கிள் பாதை போகிறது, இருபது கிலோமீட்டருக்குச் சற்றுக் கூட இருக்கும். கார் கிடையாது. எப்போதாவது எதிரே டிராக்டர் வரும், அதுவும் கொடி வரிசைக்கு இரண்டு பக்கமும் கால் பரப்பி நிற்கும் உயரமான விசித்திர டிராக்டர். ஓரமாக நின்று வழிவிட்டால் ஓட்டுநர் கை தூக்கிவிட்டுப் போவார். ஊரையும் பாதையையும் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடைக்கு வருகிறேன். ஆன்லைனில் பதிவு செய்தது 54 சைஸ் கார்பன் பைக். கடையில் தள்ளிக்கொண்டு வந்தது 56. "ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்" என்று சீட்டை இறக்கிக் கொடுத்தார்கள். உயரம் குறைவானவர்களுக்கு அது ஒன்றல்ல என்பது முதல் ஏற்றத்திலேயே முதுகு சொல்லிவிடும். கார்டில் டெபாசிட்டாக 1500 யூரோ பிடித்து வைத்தார்கள். ஒரு நாளைக்கு இவ்வளவு என்று தனியாக இன்ஷூரன்ஸ் கட்டணம், "எல்லாத்துக்கும் கவர் ஆகும்" என்றார் கவுண்டரில் இருந்தவர். சைக்கிளின் நிலை பற்றிய படிவம் முழுக்க பிரெஞ்சில், எல்லாக் கட்டத்திலும் ஏற்கெனவே டிக் அடித்து. நான் சைக்கிளைச் சுற்றிப் போட்டோ எடுத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். பின்னால் இன்னும் ஆட்கள் காத்திருந்தார்கள்.

லியோனில் இருக்கும் மச்சினன் தன் சைக்கிளோடு அடுத்த ரயிலில் வந்து மெர்சோவில் சேர்ந்துகொள்வதாக ஏற்பாடு. முந்தின இரவு மழை பெய்திருந்தது. அந்த மண் சுண்ணாம்பு மண், நனைந்தால் வெள்ளைக் குழம்பாகி செயினில், பிரேக்கில், எல்லா இடத்திலும் அப்பிக்கொள்ளும். மெர்சோ நகர்மன்றத்தின் எதிரே உட்கார்ந்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது வலது செயின்ஸ்டேயில், அதாவது பெடலிலிருந்து பின் சக்கரத்துக்குப் போகும் குழாயில், ஒட்டியிருந்த கடையின் லோகோ ஸ்டிக்கர் ஒரு முனையில் எழும்பி வந்தது. அதற்கடியில் விரல் நீளத்துக்கு ஒரு கீறல். செயின் கழன்று இடுக்கில் சிக்கி அரைத்தால் விழும் கீறல் அது. உள்ளே கறுப்பு கிரீஸ் இறுகிப் போயிருந்தது, நகத்தால் சுரண்டினாலும் வரவில்லை. கீறலுக்கு மேலேயே ஸ்டிக்கரின் பசை கோடு கோடாக நின்றது. அதாவது, கீறல் விழுந்த பிறகுதான் ஸ்டிக்கரை ஒட்டியிருக்கிறார்கள்.

மச்சினன் வந்ததும் குனிந்து பார்த்தான். "மாமா, பசையும் கிரீஸும் ஒரே படத்துல தெரியுற மாதிரி எடுங்க. இப்பவே கடைக்கு மெயில் போடுவோம்." போட்டோம். மணி பதினொன்றுகூட ஆகவில்லை. அப்படியே வாடகை ஒப்பந்தத்தையும் வாங்கிப் படித்தான். இன்ஷூரன்ஸ் திருட்டுக்கு மட்டும்தான், சேதத்துக்கு இல்லை. கவுண்டரில் சொன்னது வாய்வார்த்தை.

மெயிலுக்குப் பதில் இல்லை. நாங்கள் மேற்கே ஒசே-துரெஸ் வழியாக சான்-ரொமான் ஏறி, ஓர்ஷ் பாறைச் சரிவைத் தாண்டி லா ரோஷ்போவுக்குப் போனோம். (போகிறவர்கள் கவனத்துக்கு: கிராமங்களில் பகல் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் சாப்பாடு. இரண்டரைக்குப் போய் நின்றால் காபிதான்.) லா ரோஷ்போ கோட்டை ஞாபகம் இருக்கிறதா? தான் செத்துவிட்டதாகப் போலிச் சான்றிதழ் தயாரித்துவிட்டு ராஜா மாதிரி வாழ்ந்துகொண்டிருந்ததாகச் சொல்லி, மோசடிக் குற்றச்சாட்டில் தேடப்பட்ட உக்ரைன்காரர் ஒருவரை 2018-ல் பிடித்தார்களே, அந்தக் கோட்டைதான். ரோல்ஸ் ராய்ஸ் கார், ஓவியர் டாலியின் படைப்புகள் எல்லாம் பறிமுதல் ஆனது. மச்சினன் இந்தக் கதையைச் சொல்லச் சொல்லச் சிரித்தேன். சாயங்காலம் சிரிப்பு வரவில்லை.

சான்-ஓபான் வழியாக இறங்கி, புலினியைத் தொட்டு, ஆறு மணிக்குள் கடைக்குத் திரும்பினோம். கடை ஆறுக்கு மூடும், எங்களுக்கு அரை மணியில் திஜோன் ரயில். ரயில் நேரத்தைக் காலையிலேயே பேச்சுவாக்கில் கேட்டு வைத்திருந்தார்கள். கடைக்காரர் சைக்கிளை உள்ளே வாங்கினார். சக்கரத்தைச் சுற்றிப் பார்க்கவில்லை, பிரேக்கை அழுத்தவில்லை, கியரைத் தொடவில்லை. கையில் டார்ச்சோடு நேராகக் குனிந்து வலது செயின்ஸ்டேயில் வெளிச்சம் அடித்தார். எங்கே என்ன இருக்கிறது என்று தெரிந்த கை அது.

"கார்பன் சேதமாகியிருக்கிறது, 780 யூரோ" என்றார். மெயிலைக் காட்டினோம். பார்க்கவில்லை என்றார். கிரீஸைக் காட்டினோம், இன்று படிந்ததாக இருக்கும் என்றார். மச்சினன் பிரெஞ்சில் எகிறியதும், டிக் அடித்த படிவத்தை எடுத்து என் கையெழுத்தின் மேல் விரலை வைத்தார். பழுது பார்க்க இவ்வளவு ஆகும் என்பதற்கு மதிப்பீடு எழுதிக் கொடுங்கள் என்றால், "பிறகு அனுப்புகிறோம்". இன்றுவரை வரவில்லை. திஜோன் போய்ச் சேர்வதற்குள் வங்கியிலிருந்து எஸ்எம்எஸ் வந்துவிட்டது.

அன்று இரவு அந்தக் கடையின் கூகுள் விமர்சனங்களில் ஒற்றை நட்சத்திரம் போட்டவர்களை மட்டும் பிரித்துப் படித்தோம். ஜெர்மன்காரர், டச்சுக்காரர், இன்னும் சிலர். எல்லோரும் வெளிநாட்டுக்காரர்கள், எல்லோரும் மாலையில் திருப்பிக் கொடுத்தவர்கள், இரண்டு பேர் சொன்னது இதே செயின்ஸ்டே. ஒரே கீறலை வைத்து எத்தனை பேரிடம் காசு பார்த்திருக்கிறார்களோ! பழுது பார்த்திருந்தால் அந்தக் கீறல் இருக்கவே கூடாது.

வங்கியில் புகார் கொடுத்ததில் முதல் சுற்று தோல்வி. கடை அந்தக் கையெழுத்தைக் காட்டிவிட்டது. பிரெஞ்சு அரசின் நுகர்வோர் துறை நடத்தும் சிக்னல்கான்சோ என்ற தளத்தில் மச்சினன் படங்களோடு பதிந்தான். புகார் நேரே கடைக்குப் போகும், அதிகாரிகளும் பார்க்கலாம். ரசீதுடன் பதிவுத் தபாலும் அனுப்பினான். அங்கே பொதுமக்களிடம் வியாபாரம் செய்யும் எவரும் ஒரு நுகர்வோர் மத்தியஸ்தரின் பெயரைத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் ஒப்பந்தத்தில் அது இல்லை, தபாலில் அதையும் குறிப்பிட்டிருந்தான். அந்த வரிதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். "நல்லெண்ண அடிப்படையில்" 500 யூரோ திரும்பி வந்தது. "தப்பு எங்களுடையது" என்று கடை தரப்பிலிருந்து ஒரு சொல் இல்லை.

போகிறவர்கள் செய்ய வேண்டியது: ஃப்ரேமில் கடை ஸ்டிக்கர் எங்கே இருந்தாலும் விரலால் தடவிப் பாருங்கள், மேடு தட்டினால் உரிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வேறு கடை. போட்டோ போதாது. கடைக்காரரின் கையும் குரலும் பதிவாகும்படி, சைக்கிளைத் தலைகீழாகத் திருப்பி வீடியோ எடுங்கள். எந்தப் பாகத்துக்கு எவ்வளவு என்ற விலைப்பட்டியலைக் கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள். டெபாசிட்டுக்கு ஃபாரெக்ஸ் கார்டைக் கொடுக்காதீர்கள், செலவுக்கு வைத்திருக்கும் பணமே முடங்கும். ரூபாயில் கட்டவா என்று மெஷின் கேட்டால் யூரோ என்றே அழுத்துங்கள். 'அக்கேய் வெலோ' என்ற சைக்கிள்காரர்களுக்கான முத்திரை உள்ள கடையாகத் தேடுங்கள். அதுவும் உத்தரவாதம் இல்லை, ஆனால் முறையிட ஓர் இடமாவது இருக்கும். முக்கியமாக, ரயில் நேரத்தை வாய்விடாதீர்கள். காலையில் திருப்பிக் கொடுப்பதாக ஏற்பாடு செய்துகொண்டு, பேசுவதற்கு நேரத்தோடு போய் நில்லுங்கள்.

மீதி 280 யூரோவுக்கு வங்கியில் மேல்முறையீடு போட்டிருக்கிறேன். முடிவு வந்ததும் கடையின் பெயரோடு சேர்த்து இங்கேயே போடுகிறேன்.