நாய்க்கு இன்சூரன்ஸா, சேமிப்பா? ரெண்டையும் வச்சிருந்து பார்த்ததுல தெரிஞ்சது

எங்க வீட்டு லேப்ரடாருக்கு குட்டியா இருக்கும்போதே இன்சூரன்ஸ் எடுத்தோம், கூடவே மாசாமாசம் தனி அக்கவுண்ட்ல அவனுக்குன்னு காசும் போட்டுட்டு வர்றோம், அதனால ரெண்டுமே பழகின பிறகுதான் இதை எழுதுறேன். கம்பெனி பேரு சொல்லல.

ஏஜென்ட் அழுத்தி சொல்லாத ஒரு விஷயம் இருக்கு. நம்ம ஊர்ல பெட் இன்சூரன்ஸ்னா பெரும்பாலும் ரீஇம்பர்ஸ்மென்ட்தான். அதாவது ஆஸ்பத்திரியில முழு பில்லையும் நாம கட்டிட்டு, அப்புறம் பேப்பரெல்லாம் அனுப்பி காசை திரும்ப வாங்கணும். மாம்பழ சீசன்ல இவன் ஒரு மாங்கொட்டையை அப்படியே முழுங்கிட்டான், தண்ணி குடிச்சாக்கூட வாந்தி, வயித்துல கை வச்சா முனகுறான், ஸ்கேன் எடுத்தா கொட்டை குடல்ல அடைச்சுட்டு நிக்குது, அன்னைக்கு ராத்திரியே ஆபரேஷன் பண்ணியாகணும்னுட்டாங்க. கவுண்டர்ல அட்வான்ஸ் கட்டச் சொன்னாங்க, சேர்த்து வச்ச காசு இருந்ததால உடனே கட்ட முடிஞ்சுது. கிளெய்ம் பணம் வந்துச்சு, இல்லைன்னு சொல்லல, ஆனா பல வாரம் கழிச்சு, அதுவும் கிளவுஸ், சிரிஞ்ச் மாதிரி ஐட்டமெல்லாம் கழிச்சுட்டுதான். இருந்தாலும் பெரிய பாரம் குறைஞ்சுது, அதுக்கு பாலிசியை பாராட்டத்தான் வேணும்.

அப்புறம் உண்ணி காய்ச்சல். சென்னையில நாய் வளர்க்கிற யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்ல. சாப்பாட்டை மோந்து பார்த்துட்டு போயிடும், ஈறு வெளுத்துடும், பிளட் டெஸ்ட்ல பிளேட்லெட் இறங்கியிருக்கும், மூணு நாலு வாரம் டாக்ஸிசைக்ளின் மாத்திரை, நடுவுல திரும்ப திரும்ப டெஸ்ட். அட்மிட் பண்ணாம போயிட்டு வந்து பார்த்த வைத்தியம், அதனால எங்க பாலிசியில ஒரு பைசா கிடைக்கல. காதுல சீழ், தோல் அரிப்பு, வயித்துப்போக்கு, வருஷம் பூரா வர்ற செலவுல பாதிக்கு மேல இந்த வகைதான், எல்லாமே நம்ம கைக்காசு.

பாலிசிகளோட அமைப்பே அப்படித்தான். பஜாஜ் அலையன்ஸ் 2020ல கொண்டு வந்த நாய் பாலிசியை உதாரணத்துக்கு எடுத்துக்கோங்க (நான் எடுத்தது வேற). ஆபரேஷனும் அட்மிஷன் செலவும்தான் அதுல அடிப்படை கவர், ஓபிடி (அட்மிட் பண்ணாம போயிட்டு வந்து பார்க்கிற வைத்தியம்), நாய் இறந்தா வர்ற தொகை, தொலைஞ்சு போனா, அடுத்தவங்களை கடிச்சு நஷ்டஈடு கேட்டா, இதெல்லாம் தனியா பிரீமியம் கட்டி சேர்த்துக்கணும். நாட்டு நாய்க்கும் கிராஸுக்கும் எடுக்கலாம்ங்கிறது நல்ல விஷயம். ஆனா வயசு வரம்பு உண்டு, நாய் கிழடாகி செலவு ஏறுற நேரத்துல புதுசா எடுக்கப் போனா கதவு மூடியிருக்கும், கிரேட் டேன் மாதிரி ராட்சச சைஸ் நாய்னா இன்னும் சீக்கிரம். ஏற்கனவே இருந்த நோய்க்கு கிடையாது, தடுப்பூசி விட்டுப்போய் பார்வோ (குட்டிங்களை தாக்குற வைரஸ் வயித்துப்போக்கு) வந்தா கிடையாது. லேப், ஜெர்மன் ஷெப்பர்ட் வச்சிருக்கவங்க இடுப்பு மூட்டு பிரச்சனைக்கு என்ன எழுதியிருக்குன்னு கண்டிப்பா படிங்க, பிறவிக் கோளாறுன்னு ஒரு வரியில ஒதுக்கியிருப்பாங்க.

சென்னைக்காரங்களுக்கு இன்னொரு கணக்கும் இருக்கு. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி, 1903ல ஆரம்பிச்ச கல்லூரி அது, ஸ்கேன், எலும்பு ஆபரேஷன் எல்லாம் பண்றாங்க, பிரைவேட் கிளினிக்கோட ஒப்பிட்டா செலவு ரொம்ப ரொம்ப கம்மி. கூட்டம் இருக்கும், காலையிலயே போய் காத்திருக்கணும், பெரிய நாயை அந்த வரிசையில பிடிச்சுட்டு நிக்க ரெண்டு பேர் வேணும். அங்க போற தூரத்துல இருக்கீங்க, வீட்டுல இருக்கிறது நாட்டு நாய்னா, நான் பிரீமியம் கட்டச் சொல்லவே மாட்டேன், அந்த காசை சேர்த்தாலே போதும். பெண் நாயா இருந்தா முதல் வேலையா கருத்தடை பண்ணிடுங்க, கர்ப்பப்பையில சீழ் கட்டி நடு ராத்திரி ஆபரேஷனுக்கு ஓடுற நிலைமையே வராது.

லேப், ராட்வீலர் மாதிரி குட்டி வாங்கியிருந்தா அடிப்படை கவர் மட்டும் எடுங்க, மேல சொன்ன தனி கவர் (ஆட்-ஆன்) ஒவ்வொண்ணையும் பிரீமியத்தோட ஒப்பிட்டுப் பார்த்துட்டு சேருங்க. ஆனா எந்த நாயா இருந்தாலும் சேமிப்பு முதல்ல, ஒரு ஆபரேஷனுக்கு அட்வான்ஸ் கட்டுற அளவு தொகை சேர்ற வரைக்கும் அதுல கை வைக்காதீங்க. போஸ்ட் ஆபீஸ் ஆர்டி இதுக்கு ஒத்து வராது, 5 வருஷ திட்டம், 3 வருஷம் முடியாம குளோஸ் பண்ண முடியாது. பேங்க்ல ஸ்வீப் வசதியோட (மிச்ச காசு தானா எஃப்டிக்கு போய், தேவைப்பட்டா தானா திரும்பி வரும்) ஒரு சேவிங்ஸ் அக்கவுண்ட் போதும், ராத்திரி ரெண்டு மணிக்கும் ஜிபே பண்ணலாம்.

பாலிசி வச்சிருக்கவங்க டிஸ்சார்ஜ் அன்னைக்கே டாக்டரோட ரிஜிஸ்ட்ரேஷன் நம்பர், சீல், லேப் ரிப்போர்ட் ஒரிஜினல், தனித்தனியா பிரிச்சு போட்ட பில் எல்லாம் கேட்டு வாங்கிடுங்க, ரெண்டு வாரம் கழிச்சு போனா அந்த டூட்டி டாக்டர் வேற கிளைக்கு மாறியிருப்பாரு, கிளெய்ம் அங்கேயே நின்னுடும்.