தூணை விடுங்க, சுவரைப் பாருங்க: கானாடுகாத்தானில் ஒரு நகரத்தார் வீட்டு விடுதி

பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றை விடுதியாக மாற்றியிருக்கிறார்கள். மனைவியோடு போய்த் தங்கிவிட்டு வந்தேன். நான் கட்டட கான்ட்ராக்டர். சும்மா தங்கப் போன இடத்திலும் சுவரைத் தட்டிப் பார்க்கிற புத்தி போகாது.

வருகிறவர்கள் எல்லாரும் முகப்பில் இருக்கும் பர்மா தேக்குத் தூணைக் கட்டிக்கொண்டு போட்டோ எடுக்கிறார்கள். எடுக்கட்டும். ஆனால் தேக்கைக் காசு கொடுத்தால் வாங்கிவிடலாம். இடித்த வீடுகளின் தூணும் நிலைக்கதவும் காரைக்குடி பழைய சாமான் கடைகளில் விற்பனைக்கு நிற்கின்றன. அந்தச் சுவர்ப் பூச்சை யாரும் பெயர்த்து எடுத்துக்கொண்டு போக முடியாது.

வளவு என்கிற, நடுமுற்றத்தைச் சுற்றிய உள்கட்டின் சுவரில் உள்ளங்கையை வைத்தேன். வெளியே சித்திரை வெயில் கொளுத்துகிறது. சுவர் சில்லென்று, பீங்கான் தட்டு மாதிரி வழவழவென்று இருக்கிறது. சுண்ணாம்பும் மணலும் அரைத்து, கடுக்காய், கருப்பட்டித் தண்ணீர் சேர்த்து, ஒன்றன்மேல் ஒன்றாகப் பல பூச்சு. கடைசிப் பூச்சுக்கு மாவு போலச் சலித்த சுண்ணாம்பில் முட்டை வெள்ளைக்கரு கலந்து, கல்லால் தேய்த்துத் தேய்த்தே பளபளப்பு ஏற்றியிருக்கிறார்கள். பெயின்ட்டே வேண்டாம். நாங்கள் பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கிற சுவர் நாலு மழைக்காலத்தில் உரிகிறது, என்னத்தைச் சொல்ல.

இப்படிப்பட்ட சுவரில்தான் ஏசி குழாய்க்கு ஓட்டை போட்டு, சுற்றிலும் சிமென்ட்டால் அடைத்திருக்கிறார்கள். சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். சிமென்ட் அதை அடைத்துவிடும். ஓட்டையைச் சுற்றி ஒரு முழத்துக்கு உப்புப் பூத்துப் பொரிந்து கிடக்கிறது. மேனேஜரிடம் காட்டினேன். "பெயின்ட் அடிச்சிடுவோம் சார்" என்றார். வயிறு எரிந்தது.

வீட்டமைப்புக்கு வருவோம். வாசலில் நின்றால் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் ஒரே நேராகப் பின்தெரு வரை தெரியும். வளவைச் சுற்றி இருக்கும் சின்ன அறைகள், கல்யாணமான மகன்களுக்கு ஆளுக்கொன்று. நாட்டு ஓட்டில் விழும் மழை நடுமுற்றத்துக்கு வந்து சேரும். தரையில் ஆத்தங்குடிக் கல், சூளையே பார்க்காதது. கண்ணாடி மேல் சாயச் சிமென்ட் ஊற்றிக் கையால் செய்து, தண்ணீரில் போட்டு இறுக்கியது.

இதெல்லாம் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பர்மா, மலேயா, இலங்கையில் வட்டித்தொழில் செய்து சேர்த்த காசு. 1942ல் ஜப்பான்காரன் பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரவு படுத்தது. அப்புறம் ஒரு வீட்டுக்குப் பத்திருபது பங்காளி என்றானபின் ஓடு மாற்றக்கூட எல்லாரும் ஒத்துவர வேண்டும். செட்டிநாட்டு ஊர்கள் 2014லிருந்து யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரிய இடங்களுக்கான உத்தேசப் பட்டியலில் இருக்கின்றன. பட்டியல் வந்து ஓடு மாற்றாது. விடுதியானதால்தான் இந்த வீட்டுக்குக் கூரை நிற்கிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

சாப்பாடு பரவாயில்லை; வெள்ளைப் பணியாரம் மட்டும் அருமை. வாடகை கொஞ்சம் அதிகம்தான். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன், குறைத்த ஒன்றரையில் அரை மார்க் அந்த ஏசி ஓட்டைக்கு, மீதி மேனேஜர் சொன்ன பதிலுக்கு. போகிறவர்கள் வளவை ஒட்டிய ஏசி இல்லாத அறையைக் கேட்டு வாங்குங்கள். மின்விசிறியே போதும்.