ட்ரிஃப்ட் கார் கிட்டை "பூட்டித்தான் தருவம்" எண்டு சொன்னா காசு போடாதேங்கோ

ரிமோட் ட்ரிஃப்ட் கார் (வளைவில பின்பக்கத்தை வழுக்க விட்டு ஓட்டுற விளையாட்டுக் கார்) எடுக்க யோசிக்கிற ஆக்கள், குறிப்பாக் கிளிநொச்சி, பரந்தன், விசுவமடு, புதுக்குடியிருப்புப் பக்கத்துப் பெடியள், காசு போட முதல் இதை ஒருக்கா முழுசா வாசியுங்கோ. கொழும்பில இருந்துகொண்டு முகநூலிலயும் வட்ஸ்அப்பிலயும் விக்கிற ஒருத்தர், "புதுக் கிட், நாங்களே இலவசமாப் பூட்டி, செற் பண்ணி அனுப்புவம்" எண்டு சொல்லி, ஓடித் தேய்ஞ்ச பழைய காரை எனக்கு வித்தவர். அதோட வந்த பற்றரி வீட்டைக் கொளுத்தக்கூடிய சாமான். முறைப்பாடு போய்க்கொண்டிருக்கிறபடியால் பெயரை இதில போடேல்லை. பெயரைப் போட்டாலும் நாளைக்கு வேற பெயரில வருவார். அவர் செய்யிற முறைதான் உங்களுக்குத் தெரிஞ்சிருக்க வேணும்.

கிட் எண்டா என்ன எண்டதில இருந்து தொடங்கிறன், ஏனெண்டா ஏமாத்து அதுக்குள்ளதான் நடக்குது. யொக்கோமோ வைடி-2, எம்எஸ்ரி ஆர்எம்எக்ஸ், 3ரேசிங் சகுரா டி5 மாதிரிப் பத்தில ஒரு பங்கு அளவுக் கார்களைக் கிட்டா எடுத்தா, பெட்டிக்குள்ள கார் இராது. சேசிஸ் தட்டு, சில்லைத் தாங்கிற ஆம், கியர், ஷொக், பெயரிங், ஸ்குரூ எல்லாம் தனித்தனிப் பையில போட்டு ஒட்டி வரும். மனுவல் படத்தைப் பார்த்து ஒவ்வொரு பையா உடைச்சுப் பூட்டிக்கொண்டு போறது. மோட்டர், ஈ.எஸ்.சி (மோட்டருக்குப் போற கரண்டைக் கட்டுப்படுத்திறது), சேர்வோ (முன் சில்லைத் திருப்பிற சின்ன மோட்டர்), ஜைரோ (கார் சுழலேக்க ஸ்ரியறிங்கைத் தானாத் திருத்திறது), பற்றரி, ரிமோட், மேல் பொடி எல்லாம் பெரும்பாலும் புறம்பா எடுக்கவேணும். ஒட்டின பை ஒட்டினபடி கைக்கு வந்தா, உள்ளுக்கு இருக்கிறது புதுசு எண்டதுக்கு அந்தப் பையே சாட்சி. பூட்டின காருக்கு அப்பிடி ஒரு சாட்சியும் இல்லை. விக்கிறவர் "இலவசம்" எண்டு சொல்லி எங்களிட்ட இருந்து எடுக்கிறது அந்தச் சாட்சியைத்தான்.

அக்கான்ர மகனும் நானும் முதல் வைச்சிருந்தது நாலு சில்லும் இழுக்கிற ஒரு சாதாரணக் கார். எஸ்லோன் பைப்பை வளையமா அறுத்து ரயருக்கு மேல இறுக்கி, ஊர்ப் பொதுநோக்கு மண்டபத்துச் சீமெந்து நிலத்தில வழுக்க விட்டுப் பழகினனாங்கள். அந்த நிலம் ஆக்கள் நடந்து நடந்து மழமழெண்டு கிடக்கு, இந்த விளையாட்டுக்கு அதை விட நல்ல இடம் எங்கட பக்கம் கிடைக்காது. பிறகுதான் பின் சில்லு மட்டும் இழுக்கிற உண்மையான ட்ரிஃப்ட் காருக்கு ஆசைப்பட்டம். காலபோக நெல்லு வித்த காசும், அவன் ரியூசனுக்குப் போய்வாற காசில மிச்சம் பிடிச்சதும் சேர்த்து, எல்லாச் சாமானோடயும் ஒண்டரை இலட்சத்துக்குக் கிட்டப் போட்டனாங்கள். ஒரு பள்ளிக்கூடப் பெடியன் சைக்கிள் மிதிச்சு மிச்சம் பிடிச்ச காசும் அதுக்குள்ள இருக்கு. எனக்குக் கோவம் ஆறாததுக்கு அதுதான் காரணம்.

விக்கிறவரிட்ட நான் கேட்டது இப்பிடி: "தம்பி, எனக்குப் பூட்டத்தான் விருப்பம். நான் லான்ட்மாஸ்ரர், உழவு மெசின் திருத்திற ஆள். பையோடயே அனுப்புங்கோ."

"பையோட எண்டா வாறண்டி இல்லை அண்ணை. நாங்கள் பூட்டினாத்தான் ஆறு மாச வாறண்டி. ஜைரோ எல்லாம் செற் பண்ணி, ஓட்டிப் பார்த்துத்தான் அனுப்புவம். நீங்கள் பற்றரியைக் கொழுவினாச் சரி."

வாறண்டி எண்ட சொல்லைக் காட்டித்தான் பையை உடைக்கச் சம்மதம் வாங்கினவர். காசு வங்கியில போட்டாச்சு. பாசல் இரவு பஸ்ஸில வந்து கரடிப்போக்குச் சந்தியில இறங்கினது. கிட் பெட்டி இல்லை, சுங்கத்தில நசிஞ்சு போச்சாம். மனுவல் போட்டோக் கொப்பி. பில் பிறகு அனுப்பிறாராம்.

பார்வைக்குக் கார் வடிவு. பொடி புதுசு, துடைச்சு மினுக்கி வந்திருந்தது. மண்டபத்தில விட்டவுடன பின்பக்கம் ஒரு மாதிரி ஆடிச்சுது. வீட்டை கொண்டு வந்து பின் சில்லைக் கழட்டினன். சில்லுக்குப் பின்னால, அச்சில, பெயரிங்கோட ஒட்டினபடி சாம்பல் நிறத்தில ஏதோ இறுக்கமாச் சுத்தியிருந்தது. ஊசியால கிண்டி வெள்ளைக் கடதாசியில போட்டுப் பார்த்தா, கம்பளப் பஞ்சு. உள்ளக ஓட்டத் தளங்களில கம்பளம் விரிச்சுக் கார் விடுறவை. அப்பிடி ஓடுற கார்களின்ர அச்சில இந்தப் பஞ்சு ஏறி முறுகும். மேசையில வைச்சுப் புதுசாப் பூட்டின காரில அது எப்பிடி ஏறும்?

அதுக்குப் பிறகு முழுக்காரையும் பிரிச்சம். மோட்டர்ப் பல்லோட கடிக்கிற பெரிய கியரில ஒவ்வொரு பல்லின்ர ஒரு பக்கம் மட்டும் தேய்ஞ்சு மினுங்கிச்சு. விளம்பரத்தில "முழுக்கப் பெயரிங்" எண்டு இருந்தது, முன் சில்லுகளுக்குள்ள இருந்தது பிளாஸ்ரிக் புஷ், குண்டு இல்லாத வெறும் வளையம். விரலால சுண்டிவிட்டா ஒரு சுத்துக் கூட முழுசாப் போகாமல் நிக்குது. ஸ்ரியறிங் தாங்கியில ஒரு ஸ்குரூ பிடிக்காமல் சும்மா சுத்தினது, ஓட்டைக்குள்ள சூப்பர் குளூ விட்டிருக்கு. பிளாஸ்ரிக்கில ஸ்குரூவைத் திருப்பிப் பூட்டேக்க முதல் பின்பக்கமாத் திருப்பி, பழைய புரியில டிக் எண்டு விழுந்த பிறகுதான் முன்னுக்கு இறுக்கவேணும். அப்பிடிச் செய்யாமல் கனதரம் கழட்டிப் பூட்டின கார் இது.

மோட்டர் கதை இன்னும் மோசம். "10.5ரி, சென்சர் பிரஷ்லெஸ்" எண்டு ஸ்ரிக்கர் (10.5 எண்டது உள்ளுக்கு இருக்கிற கம்பிச் சுத்தின்ர கணக்கு, பிரஷ்லெஸ் எண்டா கரிப் பிரஷ் இல்லாத மோட்டர்). மோட்டரின்ர பின்பக்கம் சென்சர் சொக்கற் இருக்கு, ஆனா அவர் அனுப்பின ஈ.எஸ்.சியில அந்த வயரைக் கொழுவ இடமே இல்லை. ரோட்டர் எந்த இடத்தில நிக்குது எண்டு ஈ.எஸ்.சிக்குச் சொல்லுறது சென்சர். அது இல்லாட்டி மெல்ல எடுக்கேக்க மோட்டர் திக்கித் திக்கி நடுங்கும். வேகத்துக்கு ஓடுற காருக்கு அது பெரிய குறையில்லை. வளைவில விசையை மயிரளவு கூட்டிக் குறைச்சு வாலைப் பிடிக்கிற ட்ரிஃப்ட் காருக்குச் சென்சர்தான் உயிர்நாடி. சென்சர் மோட்டருக்குக் காசு வாங்கிப்போட்டு, சென்சர் வேலை செய்யாத சோடியைத் தந்திருக்கிறார்.

"கார் எடுத்தவுடன சுழண்டு போகுது" எண்டு முதல்ல சொன்னதுக்கு, "பழகப் பழகச் சரி வரும் அண்ணை, பின்சில்லுக் கார் அப்பிடித்தான்" எண்டவர். பழக்கத்துக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை. ஜைரோவின்ர திசை மாறியிருந்தது. நீங்களே பார்க்கலாம்: காரைத் தூக்கிப் பிடிச்சு, மூக்கை இடப்பக்கம் வெட்டித் திருப்புங்கோ. முன் சில்லு ரண்டும் தானா வலப்பக்கம் திரும்பவேணும். இடப்பக்கம் திரும்பினா ஜைரோ தலைகீழ், எந்த வீரனும் அந்தக் காரை ஓட்ட ஏலாது. ஜைரோவில இருக்கிற ரிவர்ஸ் அமைப்பை மாத்தினாக் காணும். ஓட்டிப் பார்த்து அனுப்பிற ஆள் எண்டா இதைக் கண்டிருக்காமல் விடுவாரா?

இனிப் பற்றரி. மிச்சத்தில எங்கட காசு மட்டும்தான் போகும், இதில வீடும் பிள்ளையளும் இருக்கிறபடியால் கவனமா வாசியுங்கோ.

வந்தது 7.4 வோல்ற், ரண்டு செல் லைப்போ (லித்தியம் பொலிமர் பற்றரி), ஹாட் கேஸ் எண்ட கட்டிப் பிளாஸ்ரிக் கூடு, மேல "5000" எண்டு அடிச்சிருக்கு. 5000 எம்.ஏ.எச் (பற்றரி எவ்வளவு கரண்டைப் பிடிச்சு வைக்கும் எண்ட அளவு) பற்றரியை 5 அம்பியரில சார்ஜ் பண்ணலாம், அது வழமையான பாதுகாப்பான அளவு. அப்பிடிப் போட்டு ஓடின கொஞ்ச நாளிலயே சார்ஜில கிடக்கேக்க தொட்டா வழமைக்கு மாறாச் சூடு. கேஸின்ர பொருத்து வாய் ஒரு பக்கம் விரிஞ்சு, உள்ளுக்கு ஊதினது தெரிஞ்சது. சார்ச்சரின்ர திரையைப் பார்த்தா, வெறுமையாக்கின பற்றரி நிரம்ப 2100 எம்.ஏ.எச் தான் உள்ளுக்குப் போயிருக்கு. சந்தையடியில தெரிஞ்ச நகைக்கடைத் தராசில நிறுத்தம், 150 கிராமுக்குக் கிட்ட. அந்த அளவில உண்மையான 5000 பற்றரி 250 கிராமுக்கு மேல நிக்கும். பெரிய கேஸுக்குள்ள சின்னச் செல்லைப் போட்டு ஸ்ரிக்கர் ஒட்டியிருக்கு.

குறைஞ்ச நேரம் ஓடும், அவ்வளவுதானே எண்டு நினைக்கவேண்டாம். 2000 செல்லுக்கு 5 அம்பியர் எண்டா தாங்கவேண்டிய அளவின்ர ரண்டரை மடங்கு. ஸ்ரிக்கரை நம்பி ஒழுங்கா சார்ஜ் பண்ணுற ஆள்தான் இதில மாட்டுப்படுவார். லைப்போ ஊதி வெடிச்சா பத்துறது சும்மா நெருப்பில்லை, பக்கத்தில கிடக்கிற பாய், மெத்தை, புத்தகம் எல்லாத்தையும் இழுக்கும். எங்கட பக்கம் கன வீடுகள் தகரக் கூரை, ஓகஸ்ட் வெய்யிலில உள்ளுக்கு நிக்க ஏலாது. பெடியள் சார்ஜில போட்டிட்டு நித்திரையும் கொள்ளுவாங்கள். லைப்போவை ஆள் பார்த்திருக்கேக்க மட்டும், சீமெந்து நிலத்தில, பக்கத்தில ஒரு வாளி மண்ணோட சார்ஜ் பண்ணுங்கோ. ஒரு செல் 4.2 வோல்ற்றுக்கு மேல போகக்கூடாது, ஓடேக்க 3.2க்குக் கீழ இறங்க விடக்கூடாது, கிழமைக்கணக்கா வைக்கிறதெண்டா 3.8இல வையுங்கோ. ஊதினதைக் குத்தவோ, திரும்பச் சார்ஜில போடவோ வேண்டாம். என்னட்ட இருக்கிறதை வீட்டுக்கு வெளியில மண்சட்டிக்குள்ள வைச்சிருக்கிறன்.

நல்ல பற்றரி இஞ்ச கிடைக்கிறது கஷ்ரம் எண்டதும் உண்மை. 2016 ஏப்ரல் 1 இல இருந்து லித்தியம் அயன் பற்றரியை (லைப்போவும் இதுக்குள்ளதான்) தனியாப் பயணிகள் விமானத்தில சரக்கா ஏத்த விடுறதில்லை, சரக்கு விமானத்திலயும் 30 வீதத்துக்கு மேல சார்ஜ் இருக்கக்கூடாது. வெளியில இருந்து தபாலில எடுப்பிக்கிறது லேசில்லை, அதால ஆர் வைச்சிருக்கிறாரோ அவரிட்டப் போறம். இந்த ஸ்ரிக்கர் வியாபாரம் அந்தத் தட்டுப்பாட்டில பிழைக்குது. பற்றரி எடுக்கேக்க நிறையைக் கேளுங்கோ, தராசில வைச்ச படம் கேளுங்கோ. ஒழுங்கானவர் உடன அனுப்புவார்.

படங்களோட எல்லாத்தையும் அனுப்பினன். வந்த பதில்: "கிளிநொச்சிப் புழுதியில ஓட்டினா இப்பிடித்தான் அண்ணை வரும். நீங்கள் ஓட்டிப் பழுதாக்கிப்போட்டு எங்களைச் சொல்லாதேங்கோ." எங்கட புழுதி சிவப்பு. கிரவல் றோட்டில இருந்து வாற தூள், எல்லாத்திலயும் செம்மண் நிறத்தில படியும். அச்சில சுத்தியிருந்தது சாம்பல் பஞ்சு. அதைக் கேட்டவுடன என்னை புளொக் பண்ணினவர். வன்னியில இருக்கிறவன் இதுக்காகக் கொழும்புக்கு வந்து நிண்டு கதைக்கமாட்டான், பஸ் காசும் ஒரு நாள் உழைப்பும் போக மினக்கெடமாட்டான் எண்ட கணக்கில செய்யிற வேலை இது. முல்லைத்தீவில ஒரு பெடியனுக்கும் இதே ஆள், இதே "பெட்டி சுங்கத்தில நசிஞ்சது" கதை.

புழுதியால கார் கெடும் எண்டது பொய்யில்லை. ஓடி முடிஞ்சவுடன காய்ஞ்ச பெயின்ற் பிரஷ்ஷால தட்டி, சில்லைக் கழட்டிப் பெயரிங்கைப் பார்க்கவேணும். கரகரத்தா லைற்றர் எண்ணெயில கழுவிக் காயவிட்டு, மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டுக் காணும். கூட விட்டா எண்ணெயே புழுதியைப் பிடிச்சு வைச்சிருக்கும். மாரி மழைக்காலத்தில சும்மா வைச்சாலே ஈரம் பிடிச்சுத் துரு ஏறும், அப்பவும் பார்க்கவேணும். கியர் ரண்டுக்கும் இடையில ஒரு கடதாசித் துண்டை விட்டுப் பூட்டி, பிறகு கடதாசியை உருவினா வாற இடைவெளி போதும். இந்த வேலையள் எல்லாம் தன்ர கையால பூட்டின ஆளுக்கு லேசு, எந்த ஸ்குரூ எங்க போகுது எண்டு அவனுக்குத் தெரியும். பூட்டி வந்த காரை வாங்கினவன் முதல் பழுதிலயே விக்கிறவரிட்டத் திரும்பப் போகவேணும்.

ஆனபடியால் ஆரிட்ட எடுத்தாலும் காசு போட முதல், ஒட்டின பைகள், பெட்டி, மனுவல் மூண்டையும் ஒரே படத்தில, உங்கட பெயரை எழுதின துண்டோட எடுத்து அனுப்பச் சொல்லுங்கோ. பை உடைச்சாத்தான் வாறண்டி எண்டு சொன்னா அதோட விடுங்கோ. பூட்டத் தெரியாட்டி என்னட்டக் கொண்டு வாங்கோ, பின்னேரத்தில இருந்து பூட்டலாம், காசு வேண்டாம். பாசல் வந்தா வெட்ட முதலே வீடியோ எடுக்கத் தொடங்குங்கோ. பில்லைக் கட்டாயம் கேளுங்கோ. கேட்டா விக்கிறவர் தரவேணும், அது 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கப் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தில இருக்கு. சபைக்கு 1977க்கு அடிக்கலாம். எழுத்தில முறைப்பாடு செய்யிறதெண்டா வாங்கி மூண்டு மாசத்துக்குள்ள குடுக்கவேணும், "இண்டைக்கு அனுப்புறன், நாளைக்கு அனுப்புறன்" எண்டு அவர் இழுக்கிறதுக்குள்ள அந்தக் காலம் முடிஞ்சு போகும்.

என்ர கடிதம், வங்கிப் பற்றுச்சீட்டு, வட்ஸ்அப் உரையாடல், தராசுப் படம், பஞ்சு எடுத்த படம் எல்லாம் சபைக்குப் போயிருக்கு. இதுவரைக்கும் காசு வரேல்லை. சாம்பல் நிற சேசிஸ், போட்டோக் கொப்பி மனுவல், "5000" எண்டு போட்ட நீலக் கேஸ் பற்றரி இந்த மூண்டும் ஆருக்காவது சேர்ந்து வந்திருந்தா, பற்றரியை இண்டைக்கே சார்ஜில இருந்து எடுத்திட்டு எனக்கு ஒரு தகவல் போடுங்கோ. முறைப்பாட்டில உங்கட விபரத்தையும் சேர்க்கலாம்.