வளையப் பிடியா, பேரல் பிடியா: வீட்டுப் பட்டறைக்கு ஏற்ற ஜிக்சா எது?

வீட்டுப் பட்டறைக்கு ஜிக்சா (மெல்லிய பிளேடு மேலும் கீழும் ஓடி வெட்டும் கை மின்ரம்பம்) தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது வாட்ஸ் எண்ணைத்தான். 450-ஐவிட 780 பெரியது, ஆகவே அதுதான் நல்லது என்று முடிவு செய்துவிடுகிறார்கள். உண்மையில் ஜிக்சாவில் கடைசியாகப் பார்க்க வேண்டிய எண் அது. வெட்டு நேராக இறங்குகிறதா, கோணிப் போகிறதா என்பதுதான் இந்தக் கருவியில் எல்லாமே. அதற்கும் மோட்டாரின் பலத்துக்கும் தொடர்பு மிகக் குறைவு.

காரணம் கருவியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1946-இல் சுவிட்சர்லாந்தின் சின்டில்லா நிறுவனத்தில் பணியாற்றிய ஆல்பர்ட் காஃப்மன், தையல் இயந்திரத்தில் ஊசி இருந்த இடத்தில் ரம்பப் பிளேடை மாட்டிப் பார்த்தார். அங்கிருந்து வந்ததுதான் இன்றைய ஜிக்சா. ஊசியைப் போலவே பிளேடும் மேல்முனையில் மட்டும்தான் பிடிக்கப்பட்டிருக்கிறது. கீழ்முனைக்குப் பிடிமானம் கிடையாது. வட்ட ரம்பத்தின் தகடு அச்சில் இறுக்கப்பட்டது. பேண்ட்சா பிளேடு இரண்டு சக்கரங்களுக்கு இடையில் இழுத்துக் கட்டப்பட்டது. ஜிக்சாவின் பிளேடு மட்டும் மரத்துக்குள் தன்னந்தனியாக இறங்குகிறது. அந்தப் பிளேடை எந்தக் கருவி உறுதியாக வழிநடத்துகிறதோ, அதுவே நல்ல ஜிக்சா.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். உங்கள் வேலையில் பெரும்பகுதி பலகையை நீளவாக்கில் நேராகப் பிளப்பதுதான் என்றால், முதலில் வட்ட ரம்பம் வாங்குங்கள். வளைவு, வட்டம், நடுவில் துளைபோட்டு வெட்டியெடுக்கும் சாளரம், சிங்க் பொருத்த மேசைப்பலகையில் போடும் திறப்பு, மூலையில் ஒரு சின்ன வெட்டு, இவைதான் ஜிக்சாவின் களம். மரம், பிளாஸ்டிக், மெல்லிய உலோகம் என எல்லாவற்றையும் ஒரே கருவியில் வெட்ட முடிவதும் இதன் பெரிய பலம்.

18 மில்லிமீட்டரா, 26 மில்லிமீட்டரா?

பிளேடு ஒருமுறை மேலும் கீழும் போகும் தூரத்தை ஸ்ட்ரோக் நீளம் என்கிறார்கள். சிறிய கருவிகளில் இது 18 மி.மீ., பெரியவற்றில் 26 மி.மீ. எட்டு மில்லிமீட்டரில் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றும். என் கணிப்பில், வாங்கும்போது எடுக்கும் முடிவுகளில் இதுவே முதன்மையானது.

மகிடா 4329-ஐ எடுத்துக்கொள்வோம். 450 வாட்ஸ், 18 மி.மீ. ஸ்ட்ரோக், நிமிடத்துக்கு 500 முதல் 3,100 வரை ஓட்டம் (அத்தனை ஸ்ட்ரோக்). எடை இரண்டு கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அதன் எதிரே போஷ் ஜிஎஸ்டி 150 பிசிஇ: 780 வாட்ஸ், 26 மி.மீ. ஸ்ட்ரோக், அதே 500 முதல் 3,100 வரை. இரண்டையும் முழு வேகத்தில் ஓட்டினால், வெட்டும் திசையில் சிறியதன் பற்கள் நிமிடத்துக்குச் சுமார் 56 மீட்டர் நகரும், பெரியதன் பற்கள் சுமார் 80 மீட்டர். ஓட்ட எண் ஒன்றாகவே இருந்தும், வெட்டும் வேலை கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு.

வேகத்தைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மரத்தூள். 18 மி.மீ. பிளைவுட்டை 18 மி.மீ. ஸ்ட்ரோக்கில் வெட்டும்போது, பலகையின் நடுவில் இருக்கும் பல் வெளியே வந்து தூளைக் கொட்டிவிட்டுத் திரும்ப இடமில்லாமல் திணறுகிறது. தூள் பிளவுக்குள்ளேயே தங்கி, உராய்ந்து, சூடாகி, மரத்தைக் கருக்குகிறது. சூடேறிய பிளேடு சீக்கிரம் மழுங்கும். மழுங்கிய பிளேடைத் தள்ளி வெட்ட முயன்றால் அது பக்கவாட்டில் வளைந்துகொடுக்கும். 26 மி.மீ. ஸ்ட்ரோக்கில் பற்கள் தாராளமாக வெளியே வந்து போகும். தேய்மானமும் கூடுதல் பற்களுக்குப் பகிர்ந்து போய்விடும்.

அப்படியானால் சிறியது வீணா? இல்லை. மெல்லிய தகரம், 4 மி.மீ. பிளை போன்றவற்றை நீண்ட ஸ்ட்ரோக் பிடித்து உலுக்கும். குறுகிய ஸ்ட்ரோக் பதமாக வெட்டும். கைவினைப் பொருட்கள், பொம்மைகள், மெல்லிய பலகையில் அலங்கார வெட்டுகள் மட்டுமே செய்பவருக்கு எடை குறைந்த 18 மி.மீ. கருவி நிறைவாக உழைக்கும். அலமாரி, மேசை, கட்டில் என்று போகிறவர் 26-க்குக் குறைந்து எதையும் எடுக்க வேண்டாம்.

பெட்டியில் எழுதியிருக்கும் வெட்டு ஆழத்தைப் பற்றி ஒரு வார்த்தை. மகிடா 4350-க்கு மரத்தில் 135 மி.மீ. என்றும், போஷ் ஜிஎஸ்டி 150-க்கு 150 மி.மீ. என்றும் இருக்கும். அவ்வளவு நீளப் பிளேடை மாட்டி ஓட்ட முடியும் என்பதே அதன் பொருள். அத்தனை கனமான கட்டையின் அடிப்பக்கத்திலும் வெட்டு கோட்டின்மேல் இருக்கும் என்று யாரும் உறுதி தரவில்லை. 40 மி.மீ. தாண்டினாலே அடிப்பக்கத்தை மூலைமட்டம் வைத்துச் சரிபார்க்க வேண்டும்.

பிடியில்தான் உண்மையான போட்டி

ஒரே மோட்டார், ஒரே பிளேடு, இரண்டு உடல்கள். மகிடாவில் 4350 என்றால் மேலே வளையப் பிடி, 4351 என்றால் பேரல் பிடி. போஷில் ஜிஎஸ்டி 150 பிசிஇ வளையம், ஜிஎஸ்டி 150 சிஇ பேரல். எண்களை வைத்துப் பார்த்தால் வேறுபாடே தெரியாது. கையில் எடுத்தால் இரண்டும் இரண்டு கருவிகள்.

வளையப் பிடியில் விரல் ட்ரிக்கரின் மேல் இருக்கும். மெதுவாகத் தொடங்கி, கோட்டைக் கண்டுகொண்டதும் வேகம் கூட்டி, திருப்பத்தில் தளர்த்தலாம். எல்லாம் ஒரே விரலில். விரலை எடுத்தால் ஓட்டம் நின்றுவிடும். புதிதாகக் கற்கிறவருக்கு இது பெரிய பாதுகாப்பு. அடிக்கடி நிறுத்தி நிறுத்தி வெட்டும் வேலைக்கும் இதுவே வசதி. குறை என்னவென்றால் கை பலகையிலிருந்து உயரத்தில் இருக்கிறது. உயரத்திலிருந்து தள்ளும்போது மணிக்கட்டு சிறிது சாய்ந்தாலும் அடித்தட்டின் ஒரு விளிம்பு தூக்கும், வெட்டு கோணிவிடும்.

பேரல் பிடியில் மோட்டார் உடலையே கையால் சுற்றிப் பிடிக்கிறீர்கள். கை தாழ்வாக, பிளேடுக்கு நேர் பின்னால் வந்துவிடுகிறது. பென்சிலை முனைக்கருகே பிடித்து எழுதுவதற்கும் வால்பக்கம் பிடித்து எழுதுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது. வளைவுகளில் கருவியைத் திருப்புவது அவ்வளவு இயல்பாகிறது. பழகியவர்கள் பலகைக்கு அடியிலிருந்து கருவியைத் தலைகீழாகப் பிடித்தும் வெட்டுவார்கள். கோடு மேலே முழுதாகத் தெரியும், சிலும்பும் அடிப்பக்கம் போய்விடும்.

பேரலுக்கும் குறைகள் உண்டு. சுவிட்சு தள்ளுவகை, போட்டால் ஓடிக்கொண்டே இருக்கும், கை நழுவினாலும் தானாக நிற்காது. வேகத்தைத் தனிச் சக்கரத்தில் முன்கூட்டியே வைத்துக்கொள்ள வேண்டும். உடல் பருமன் என்பதால் சிறிய கை உள்ளவருக்கு நீண்ட நேரம் பிடித்திருந்தால் விரல் வலிக்கும்.

எனக்கு ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் பேரல்தான் வாங்குவேன். கோட்டைப் பின்தொடரும் துல்லியத்துக்கு முன்னால் மற்ற வசதிகள் எனக்குச் சிறியவை. வீட்டில் பலர் மாறி மாறிப் பயன்படுத்துவார்கள், அவர்களில் சிலர் புதியவர்கள் என்றால், தயங்காமல் வளையப் பிடியை எடுங்கள்.

ஒயரா, பேட்டரியா?

இங்கே நீட்டி முழக்க ஒன்றுமில்லை. பட்டறையில் ஒரே மேசை, பக்கத்தில் மின்இணைப்பு என்றால் ஒயர் வகை போதும்: இடைவிடாமல் ஓடும், பல ஆண்டு கழித்துப் பேட்டரி கிடைக்குமா என்ற கவலை இல்லை. ஏற்கெனவே ஒரு நிறுவனத்தின் 18 வோல்ட் ட்ரில்லும் பேட்டரிகளும் கைவசம் இருந்தால் கணக்கு மாறும்; அதே குடும்பத்தில் வெறும் உடலை மட்டும் வாங்கலாம். மகிடாவின் டிஜேவி 181, 182 இரண்டும் பிரஷ்லெஸ் (கார்பன் பிரஷ் இல்லாத) மோட்டாரும் 26 மி.மீ. ஸ்ட்ரோக்கும் கொண்டவை, நிமிடத்துக்கு 3,500 ஓட்டம் வரை போகக்கூடியவை. வெட்டும் திறனில் ஒயர் கருவிக்கு இளைத்தவை அல்ல. சிறிய திருப்பங்களில் ஒயர் பலகை விளிம்பில் மாட்டி இழுக்காது என்பது உண்மையான நிம்மதி. பின்பக்கம் தொங்கும் பேட்டரியின் எடை, பலகை விளிம்பில் வெட்டைத் தொடங்கும்போது கருவியைப் பின்னோக்கிச் சாய்க்கும் என்பது அதற்குச் செலுத்தும் விலை.

விளம்பரத்தில் வராத பாகங்கள்

பிளேடின் முதுகைத் தாங்கும் சின்ன உருளை ஒன்று அடித்தட்டுக்குச் சற்று மேலே இருக்கும். வெட்டின் தரத்தில் பாதி அதன் கையில். பிளேடை மாட்டி, முதுகு உருளையின் பள்ளத்தில் சரியாக உட்காருகிறதா என்று பாருங்கள். அடுத்து, பிளேடு மாட்டும் தண்டைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். புதுக் கருவியிலேயே கையில் தட்டுப்படும் அளவு ஆட்டம் இருந்தால் அதைக் கீழே வைத்துவிடுங்கள். ஃபெஸ்டூல் கார்வெக்ஸ் 420 போன்ற உயர்வகைக் கருவிகளில் உருளையோடு நில்லாமல், பிளேடின் இரு பக்கமும் ஒட்டி நிற்கும் கார்பைடு தாடைகள் உண்டு. பிளேடின் கனத்துக்கேற்ப அவற்றை நெருக்கி வைக்கலாம். கனமான கட்டையில் நேர்வெட்டுக்கு அந்த ஏற்பாடு நன்றாக உதவுகிறது. வாரம் முழுவதும் தச்சு வேலை செய்கிறவருக்கு அது பொருத்தம். வார இறுதிப் பட்டறைக்குக் கட்டாயமில்லை.

அடித்தட்டு அழுத்தி வளைத்த தகடா, வார்ப்பு உலோகமா என்று பாருங்கள். தகடு ஒருமுறை கீழே விழுந்து வளைந்தால் அதன்பின் எந்த வெட்டும் செங்குத்தாக வராது. தட்டு 45 பாகை வரை சாயும். திரும்பப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்ததும் அளவுகோட்டை நம்பாமல் மூலைமட்டத்தைப் பிளேடின் பக்கத்தில் வைத்து இறுக்குவதே சரி.

ஆர்பிட்டல் பொத்தானில் 0 முதல் 3 வரை நான்கு நிலைகள் வேண்டும். எண் கூடக்கூடப் பிளேடு மேலே வரும்போது முன்னோக்கி உந்தி ஆழக் கடிக்கும். வேகம் கூடும், விளிம்பு கரடாகும். உலோகம், நெருக்கமான வளைவு, மைக்கா ஒட்டிய பலகை எதற்கும் 0 நிலையே.

பிளேடு: செலவை இங்கே வையுங்கள்

இரு பக்கமும் சிறு காதுகள் நீட்டிய டி ஷேங்க் பிளேடுகளை ஏற்கும் கருவியை மட்டும் வாங்குங்கள். இன்று பெரும்பாலான நிறுவனங்கள் அதற்கு வந்துவிட்டன. திருகாணி போட்டு இறுக்கும் பழைய யு ஷேங்க் வகையில் பிளேடு தேடுவதே பெரும்பாடு.

பிளேடின் மேல் இருக்கும் குறியீட்டைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. டி144டி பெரிய பற்கள், வேகமான முரட்டு வெட்டு. டி101பி சுத்தமான நேர்வெட்டு. டி101ஏஓ ஒடுங்கலான பிளேடு, சிறிய வளைவுகளுக்கு. டி118ஏ மெல்லிய எஃகுத் தகட்டுக்கு. சாதாரணப் பிளேடுகள் மேல்நோக்கி வரும்போது வெட்டுவதால் சிலும்பு மேல்பக்கத்தில் வரும். அதனால் நல்ல முகத்தைக் கீழே வைத்து வெட்ட வேண்டும். கீழே வைக்க வழியில்லாத இடத்தில் டி101பிஆர்: பற்கள் தலைகீழாக இருப்பதால் மேல்முகம் சுத்தமாக நிற்கும். அதைப் போடும்போது கருவி மேலே எகிறப் பார்க்கும், அழுத்திப் பிடிக்க வேண்டும்.

சுமாரான கருவியில் புதுப் பிளேடு தரும் வெட்டை, உயர்ந்த கருவியில் மழுங்கிய பிளேடு ஒருபோதும் தராது. ஆகவே கருவிக்கு ஒதுக்கிய தொகை முழுவதையும் கருவியிலேயே போட்டுவிடாமல், இந்த ஐந்து வகையிலும் ஒவ்வொரு கட்டு வாங்கும் அளவுக்கு மிச்சம் வையுங்கள்.

மகிடா 4351-க்கும் போஷ் ஜிஎஸ்டி 150 சிஇ-க்கும் இடையில் நின்று குழம்புகிறவர்களுக்கு: முன்னது 720 வாட்ஸ், 800 முதல் 2,800 ஓட்டம், பின்னது 780 வாட்ஸ், 500 முதல் 3,100. உலோகமும் அக்ரிலிக்கும் நிறைய வெட்டுவீர்கள் என்றால் குறைந்த வேகம் 500 வரை இறங்கும் போஷ் கைகொடுக்கும். வேகம் கூடினால் அக்ரிலிக் உருகிப் பிளேடின் பின்னாலேயே ஒட்டிக்கொள்ளும். மரம் மட்டும் என்றால் இரண்டில் எது உங்கள் உள்ளங்கையில் ஒழுங்காக உட்காருகிறதோ அது. கடையில் இரண்டையும் வாங்கிப் பிடித்து, பிளேடு இல்லாமல் ஓடவிட்டு, கைக்கு வரும் அதிர்வை ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.