குளுட்டமினா, உணவுக் கட்டுப்பாடா?

குடல் எரிச்சல் நோய்க்கு (IBS) குளுட்டமின் என்னும் அமினோ அமிலத்தின் தூள் எளிய வழியாகத் தோன்றுகிறது. 2019இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், நாளுக்கு மூன்று வேளை 5 கிராம் வீதம் எட்டு வாரம் அதை உட்கொண்டோரில் 79.6 விழுக்காட்டினருக்கும், போலி மருந்து பெற்றோரில் 5.8 விழுக்காட்டினருக்கும் நோயின் கடுமை கணிசமாகக் குறைந்தது. ஆனால் அவர்கள் அனைவரும் குடல் தொற்றுக்குப் பின் வயிற்றுப்போக்குடன் இந்நோய்க்கு ஆளானவர்கள். குடற்சுவரில் கசிவு கூடியிருந்ததும் சோதனையில் தெரிந்தது. மலச்சிக்கல் உள்ளவருக்கும் அதே பலன் கிட்டும் என்று கொள்ள முடியாது.

மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகம் வகுத்த குறை ஃபோட்மேப் உணவுமுறைக்கு, அதாவது குடலில் சரிவர உறிஞ்சப்படாமல் நொதிக்கும் சில கார்போஹைட்ரேட் வகைகளைக் குறைக்கும் முறைக்கு, சான்றுகள் கூடுதல். எனினும் வெங்காயம், பூண்டு, கோதுமை ஆகியவற்றைச் சில வாரம் விலக்குவதென்றால், சிங்கப்பூரின் தேக்கா உணவங்காடியில் காலையில் உண்ணும் பரோட்டாவும் குழம்பும் இல்லை. வீட்டில் வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியைத் தாளித்துச் சமாளிக்கலாம். அந்தச் சிரமத்தை அறிந்தும், உணவியல் வல்லுநர் துணையுடன் இதையே முதலில் முயல்வேன்.