கோமாளியை விட மறதி பயங்கரம்: 'இட்' நாவலும் திரை வடிவங்களும்

'இட்' என்றதும் சாக்கடைக்குள்ளிருந்து சிரிக்கும் பென்னிவைஸ் கோமாளிதான் பலருக்கும் நினைவுக்கு வரும். ஸ்டீபன் கிங் 1986இல் எழுதிய அந்த நாவல் ஆயிரம் பக்கங்களைத் தாண்டும். மூச்சு வாங்கப் படித்து முடித்தபோது என்னைத் தூங்கவிடாமல் செய்தது கோமாளி இல்லை, மறதி.

அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் டெரி என்றொரு கற்பனை ஊர். 1958 கோடையில் ஏழு பிள்ளைகள் சேர்ந்து, கோமாளி வேடத்தில் வரும் ஒரு தீய சக்தியை அடித்து விரட்டுகிறார்கள். 27 வருடம் கழித்து அது திரும்ப வருகிறது. ஊரை விட்டுப் போன ஆறு பேருக்கும் அந்தக் கோடையும் நினைவில்லை, கூட இருந்தவர்களும் நினைவில்லை. ஊரிலேயே நூலகராகத் தங்கிவிட்ட மைக் மட்டும்தான் எதையும் மறக்காதவன். அவன் போன் செய்கிறான்.

நாவல் இரண்டு காலங்களையும் பின்னிப் பின்னிச் சொல்கிறது. கடைசிப் பகுதியில் 1985இல் பாதியில் நிற்கும் வாக்கியம் 1958இல் போய் முடிகிறது! நினைவு திரும்புவதை வாசகனும் கூடவே உணர்வது இதனால்தான்.

ஆண்டி முஷியெட்டி 2017இல் எடுத்த படம் இந்தப் பின்னலை வெட்டிவிட்டது. கதையை எண்பதுகளின் கடைசிக்கு நகர்த்தி, பிள்ளைகளின் பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டது. அதில் லாபமும் உண்டு. ஒருவரை ஒருவர் கிண்டலடித்துக்கொண்டு சைக்கிளில் சுற்றும் அந்தக் கூட்டம் அச்சு அசல் பள்ளிக்கூட நண்பர்கள். ஆனால் ஏழு பேரில் ஒரே பெண்ணான பெவர்லிக்குச் செய்தது அநியாயம். நாவலில் குறி தவறாமல் கவண் அடிப்பவள் அவள். வெள்ளிக் குண்டை அவள் கையில்தான் கொடுப்பார்கள். படத்தில் அவளைக் கோமாளி தூக்கிப் போக, பையன்கள் மீட்கப் போகிறார்கள். ஊரின் வரலாற்றைத் தோண்டும் வேலையையும் மைக்கிடமிருந்து பிடுங்கி, பென் என்ற இன்னொரு பையனிடம் கொடுத்துவிட்டார்கள்.

2019இல் வந்த இரண்டாம் பாகம் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம். வளர்ந்த நண்பர்களைச் சேர்த்துவைத்த கையோடு ஆளுக்கொரு திசையில் தனியாக அனுப்பிவிடுகிறது. அப்புறம் நட்பு எங்கிருந்து வரும்?

1990இன் இரண்டு பகுதித் தொலைக்காட்சித் தொடரை இன்று பார்த்தால் கடைசியில் வரும் சிலந்தி பொம்மை சிரிப்பு மூட்டும். ஆனாலும் முதல் பகுதியில் ஒவ்வொரு போன் அழைப்பிலும் ஒரு பழைய நினைவு திறக்கிறது. நாவலின் பின்னல் ஓரளவு தப்பிப் பிழைத்த இடம் அதுதான். கோமாளிகளில் என் ஓட்டு இந்தத் தொடரில் நடித்த டிம் கரிக்கே. அவர் கூப்பிட்டால் குழந்தை கிட்டே போகும். புதிய படங்களின் கோமாளி பில் ஸ்கார்ஸ்கார்டைப் பார்த்தாலோ எந்தக் குழந்தையும் முதல் நொடியிலேயே ஓடிவிடும்.

நாவல் மட்டும் குறையில்லாததா? பாதாளச் சாக்கடையில் பிள்ளைகளை வைத்து எழுதிய ஒரு காட்சி இன்றும் முகம் சுளிக்க வைக்கிறது. திரையில் அதைத் தொடாமல் விட்டது மிகச் சரி.

முடிவைச் சொல்லாமல் இந்த ஒப்பீடு நிறைவடையாது. தெரிய வேண்டாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 2019 படத்தில் பிழைத்தவர்களுக்கு நினைவுகள் தங்கிவிடுகின்றன. நாவலில் எல்லோரும் மறுபடி மறக்கிறார்கள், இந்த முறை மைக்கும்தான். அவன் எழுதி வைத்த நண்பர்களின் பெயர்கள் தாளிலேயே மங்கிக்கொண்டு வருகின்றன.